நாலு மணி என்றால் ஐந்தரை

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் வாள் பை என் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நீளமான கறுப்புத் துணிப் பை. வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் வாயைத் திறந்தபோது மூங்கிலுக்குப் பூசும் எண்ணெய், பழைய வியர்வை, நீ முழங்கையில் தேய்க்கும் தைலம் எல்லாம் ஒன்றாக எழும்பி வந்தன. சனிக்கிழமை மத்தியானங்களில் உன்னோடு என் காருக்குள் ஏறும் வாசம். கண்ணாடியை இறக்கச் சொல்லி நான் உன்னோடு சண்டை பிடிப்பேன். இப்போது அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன், அது வெளியே போகாமல்.

பையின் பக்கப் பொக்கற்றில் ஒரு தாள் இருந்தது, நாலாக மடித்து. என் கையெழுத்து. ஜப்பானில் எந்த நாள் எந்த இடம், எத்தனை மணிக்கு வண்டி, எத்தனை மணிக்கு வள்ளம் என்று நான் உனக்கு எழுதித் தந்த பட்டியல். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு நேரம், உன் கோணல் எழுத்தில். நான் ஏழரை என்று எழுதிய இடத்தில் நீ ஒன்பது என்று திருத்தியிருக்கிறாய். எட்டை ஒன்பதரையாக்கியிருக்கிறாய். கடைசி வரி வரைக்கும் சரியாக ஒன்றரை மணித்தியால வித்தியாசம்.

நிலத்தில் இருந்தபடியே சிரித்தேன். உன்னை நினைத்து நான் சிரித்து ஒரு வருடம் ஆகிறது. ஏன் சிரிக்க முடியாமல் இருந்தது, ஏன் இப்போது முடிகிறது என்பதை யாருக்காவது சொல்ல வேண்டும். இதெல்லாம் விளங்கக்கூடிய ஒரே ஆள் நீதான்.

நீ பிந்துவாய். உன்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில் நம்முடைய ஆட்கள் எல்லோரும் பிந்துகிறவர்கள்தான். அரங்கேற்றக் கார்ட்டில் ஐந்து மணி என்று அச்சடிப்பார்கள். ஆறரைக்குத்தான் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். அச்சடித்தவருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும். நீயோ அந்த ஆறரைக்கும் பிந்துவாய். அதனால் நான் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். படம் ஏழரைக்கு என்றால் உனக்கு ஆறு என்று சொல்வேன். நீ ஏழரைக்கு மூச்சு வாங்க ஓடி வந்து, "சொறியடி, ரோட்டெல்லாம் ஒரே ட்ரஃபிக்" என்பாய். நான் பெரிய மனதோடு "பரவாயில்லை" என்பேன். ஏழு வருடங்கள் அப்படி உன்னை மன்னித்தேன். ஒருநாள்கூட நான் உனக்காகக் காத்திருந்ததில்லை.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் நீ ஜப்பானிய முறையில் மூங்கில் வாள் பழகச் சேர்ந்தபோது உனக்கு இருபத்துநாலு வயது. சேர்ந்த அன்று உன் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே என்னிடம் முறைப்பாடு சொன்னா.

"வீணை படியெண்டால் மாட்டாளாம். வாள் பழகப் போறாளாம். கலியாணம் பேசி வாற ஆக்களுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"சொல்லுங்கோ அம்மா, சண்டை எண்டு வந்தால் நான்தான் வெல்லுவன் எண்டு" என்றாய் நீ, வாயில் சோற்றோடு.

நீ உள்ளே கத்திக்கொண்டு அடிப்பாய். நான் சுவரோரத்து நீள வாங்கில் இருந்து வாசிப்பேன். அவனை உனக்குக் காட்டித் தந்தது அந்த வாங்குதான். நானூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு வாள்வீரன். அறுபது சண்டைகளுக்கு மேல் பிடித்து ஒன்றிலும் தோற்காதவன் என்று கதை. நூலகத்தில் அவனைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் எடுத்து வந்து, வகுப்பு முடிந்து நீ வியர்வை துடைக்கும் நேரத்தில் சொல்வேன். ஒருநாள் தீவுச் சண்டையைச் சொன்னேன். ஒரு சின்னத் தீவில் விடியச் சண்டை என்று பேச்சு. எதிரி நேரத்துக்கு வந்து கரையில் நிற்கிறான். இவன் வேண்டுமென்றே பிந்துகிறான். வள்ளத்தில் இருந்தபடி ஒரு துடுப்பைச் செதுக்கி மரவாள் செய்துகொண்டு அவசரமில்லாமல் ஆறுதலாக வருகிறான். வெயிலில் நின்று கொதித்துப்போன எதிரி ஒரே அடியில் விழுகிறான்.

நீ என் கையைப் பிடித்து உலுக்கினாய். "எடியே! இவன் எங்கட ஆளடி! அந்தாள் விடிய எண்டு சொன்னதை இவன் பத்து மணி எண்டு விளங்கியிருக்கிறான்!"

அன்றிலிருந்து அவனுக்கு நம்மிடையே பெயர் இல்லை. 'எங்கட ஆள்', அவ்வளவுதான். எங்கட ஆள் நின்ற இடத்தில் நாங்களும் ஒருக்கா நிற்க வேண்டும் என்று நீ சொல்லத் தொடங்கினாய். மூன்று வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் போனோம். விமான நிலையத்தில் இந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய்.

"ஜப்பானுக்கு மூங்கில் வாள் கொண்டுபோறியோ?" என்றேன்.

"எங்கட ஆளுக்குக் காட்ட வேண்டாமே?"

கியோட்டோவில் முதலாவது இடம் உன்னை ஏமாற்றிவிட்டது. ஒரு குருகுலத்தின் ஆட்கள் எல்லோரோடும் அவன் தனியாகச் சண்டை பிடித்த பைன் மரத்தடி. வீடுகளுக்கு நடுவே தெரு இரண்டாகப் பிரியும் முனையில் ஒரு இளம் மரமும் ஒரு கல்லும். மரம்கூட அந்தக் காலத்து மரம் இல்லை, அதன் வழியில் பிறகு நட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். நீ கல்லுக்கு முன் குனிந்து வணங்கினாய். அவர் தனக்கென்று நினைத்துத் தண்ணீர்க் குழாயோடு பதிலுக்குக் குனிந்தார். நீ விடவில்லை, இன்னொரு தரம் குனிந்தாய். அவரும் குனிந்தார். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மரத்தடிக் கதையில் ஒரு சங்கதி இருக்கிறது. அதே ஆட்களோடு அவனுக்கு முதலில் இரண்டு சண்டைகள். இரண்டுக்கும் பிந்திப் போனான். மூன்றாவதற்கும் பிந்துவான் என்று அவர்கள் ஆறுதலாக வந்தார்கள். அவன் முந்தியே வந்து ஒளிந்து நின்றான். இதை நான் சொன்னபோது, "பாத்தியே, பிந்திற ஆக்களை நம்பக் கூடாது" என்று நீ சொன்னாய். இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு வரும்.

தீவுக்குப் போன நாள். வள்ளம் ஒன்பது மணிக்கு. பட்டியலில் ஏழரை என்று எழுதியிருந்தேன், வழக்கம்போல. நான் விடிய எழும்பி, ஷிமோனோசெகித் துறைக்குப் பக்கத்தில் இருந்த மீன் சந்தையைப் பார்க்கப் போனேன். நீ எழும்பி நேரே துறைக்கு வருவதாக ஏற்பாடு. சந்தையில் சோற்று உருண்டைகள் வாங்கிக்கொண்டு ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கத் துறைக்கு வந்தேன். நீ அங்கே இருந்தாய். ரிக்கெற் யன்னலுக்குப் பக்கத்து வாங்கில், வாள் பையைத் தலைக்கு வைத்து, சப்பாத்தைக் கழற்றிக் கீழே சோடியாக வைத்து, நல்ல நித்திரை. உன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்துக்கு வந்திருக்கிறாய். அதுவும் பொய்யான நேரத்துக்கு.

எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். தலைக்கு மேலே தொங்கிய நேர அட்டவணையைப் பார்த்தாய். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தாய்.

"எத்தினை வருசமாடி?"

"ஏழு."

"ஏழு வருசம்! ஒவ்வொரு நாளும் நான் சொறி சொல்லிச் சொல்லி... பாவி! உனக்கு நான் பிறந்தநாளுக்குக் கேக்கெல்லாம் செய்து தந்தனான், பிந்தி வந்ததுக்கு!"

"நல்ல கேக்."

நீ சோற்று உருண்டை இரண்டையும் பறித்துத் தின்றாய். தின்று முடித்துத் தீர்ப்புச் சொன்னாய். "இனி நானும் உனக்குப் பொய் நேரம்தான் சொல்லுவன். நாலு எண்டால் ஐஞ்சரை. விளங்கிச்சோ?"

"நான் நேரத்துக்கு வாற ஆள். எனக்கு ஏன் பொய் நேரம்?"

"நீயும் ஒருக்கா ஆறுதலா வந்து பாக்கத்தான்."

வள்ளத்தில் பென்சிலை எடுத்துப் பட்டியல் முழுவதையும் திருத்தினாய். போன இடங்களையும் விடவில்லை.

தீவு தட்டையாக, புல்லும் சில மரங்களுமாக, சுற்றிக் கப்பல்கள் போய்வருகிற கடலுக்கு நடுவில் கிடந்தது. சண்டை பிடிக்கிற இரண்டு பேருக்கும் சிலை இருந்தது. கரையில் ஒரு மரவள்ளம் சும்மா பார்வைக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் சிலைகளுக்குப் பக்கத்தில் இருந்தோம். எனக்கு வாசிக்கிற காலத்திலிருந்தே மனதில் உறுத்தியது தோற்றவன்தான். நேரத்துக்கு வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, வருவானா வரமாட்டானா என்று நின்றவன். அதைச் சொன்னேன்.

"அவன் காத்துக்கொண்டு நிண்டதாலைதான் தோத்தவன்" என்றாய் நீ. "நானெண்டால் படுத்து நித்திரை கொண்டிருப்பன். வாறவன் வந்து எழுப்பட்டும்."

அதைச் சொல்லிவிட்டுப் புல்லில் படுத்தும் காட்டினாய்.

குமமோட்டோவில் குகைக்குப் போகும் பஸ் நாளுக்குச் சில தரம்தான். அதற்கு மட்டும் நாங்கள் இருவரும் உண்மையான நேரம் பேசினோம். மலைப்பாதை நெடுகக் கல்லில் செதுக்கிய துறவிகள். நூற்றுக்கணக்கில், பலருக்குத் தலை இல்லை. நில நடுக்கத்தில் உருண்டது என்று ஒரு பலகையில் இருந்தது. கடைசிப் படிக்கட்டில் நீ பாதியில் இருந்துவிட்டாய். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"ஏலாமல் கிடக்கோ?"

"ஓம். நேர வித்தியாசமாக்கும். நீ போ, நான் வாறன்."

நான் போகவில்லை. உன் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அறுபது சண்டைகளுக்குப் பிறகு அவன் இங்கே வந்துதான் தன் கடைசி வருடங்களில் தனியாக இருந்து எழுதினான். பிறகு மெல்ல ஏறி, குகை வாசலில் நின்றோம். உள்ளே ஈரமும் இருட்டும். வெளியே மரங்கள். நீ பையிலிருந்து வாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டி, குகைக்குக் காட்டினாய். பகிடியாகத்தான் தொடங்கினாய். நீட்டிய கை கீழே இறங்க நேரமெடுத்தது.

திரும்பி வந்த மாரிக் குளிரில் டொக்டர்மார் உன் வருத்தத்துக்குப் பெயர் வைத்தார்கள். "அதின்ரை பேரைச் சொல்லி அதுக்கு மரியாதை குடுக்காதை" என்றாய். நான் இங்கேயும் கொடுக்கவில்லை. அந்த ஒரு வருடமும் நாங்கள் நமது சட்டத்தை மீறவில்லை. இரண்டு மணிக்கு வா என்பாய்; மூன்றரைக்கு வருவேன். நீ அப்போதுதான் தலை துடைத்து, சட்டை மாற்றி, வாசலுக்கு வந்திருப்பாய். முடியாமல் போன பிறகு கட்டிலில் நிமிர்ந்து இருந்திருப்பாய். நான் ஆறுதலாக வரப் பழகிவிட்டேன். நீ சொன்னதுபோலவே.

கடைசியாக நீ என்னை அழைத்தது ஒரு வியாழக்கிழமை. குரல் நூல்போல் இருந்தது. "நாளைக்கு வா. நாலு மணிக்கு."

வெள்ளிக்கிழமை மார்க்கம் நகரில் இருக்கும் என் அலுவலகத்தில் மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். நாலு என்றால் ஐந்தரை என்று கணக்குப் பண்ணிக்கொண்டு, மேசைக்கு முன்னால் இருந்தபடி ஒரு புத்தகம் வாசித்தேன். வழியில் கடைக்குப் போய், சூடாக வரும்வரை நின்று உனக்குப் பிடித்த முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி ரோல்ஸ் நாலு வாங்கினேன். சரியாக ஐந்தரைக்கு உன் வீட்டுப் பெல்லை அடித்தேன். உள்ளே இருந்து யாரும் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நிறையச் சப்பாத்துகள். நீ போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. நான் சூடான கடதாசிப் பையோடு நின்றேன். அதை யார் என் கையிலிருந்து வாங்கினார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

பிறகு வந்தது ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நாலு என்றால் நாலுதானா? இரண்டு தரம் பிந்தி, மூன்றாம் தரம் முந்தி வந்தவனின் கதையை உனக்குச் சொல்லித் தந்தவள் நான். உனக்கு நேரம் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். சட்டத்தை மறந்து, அல்லது நான் அந்தக் குரலைக் கேட்டதும் மறப்பேன் என்று நம்பி, உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தால்? நாலு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருந்தால்? நான் மேசையில் இருந்து பக்கம் புரட்டிய அந்த நேரம் முழுவதும் நீ கரையில் நின்றிருந்தால்?

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். முப்பத்தோராம் நாளுக்கு உன் வீட்டார் அச்சடித்த நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன் சிரிப்பு, உன் வாள், உன் கேக் எல்லாம் எழுதினேன். ஜப்பானைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். எங்கு போனாலும் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்திப் போகத் தொடங்கினேன். மண்டபங்களில் கதிரை அடுக்குகிறவர்களோடு சேர்ந்து கதிரை அடுக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்திவசம். பத்தரைக்கு வரச் சொல்லி உன் அம்மா செய்தி அனுப்பியிருந்தா. வருடம் முடிகிற நாளுக்கும் போகாமல் இருக்க முடியவில்லை. பத்து இருபதுக்கே பெல்லை அடித்தேன். அம்மா கையில் கத்தரிக்காயோடு, வீட்டுச் சட்டையில், கதவைத் திறந்தா.

"என்ன பிள்ளை, இப்பவே வந்திட்டாய்?"

"பத்தரை எண்டு போட்டிருந்தனீங்கள், அன்ரி."

"பத்தரை எண்டால் பன்னெண்டுக்கு வாறதெண்டு உனக்குத் தெரியாதே? ஐயரே பதினொண்டரைக்குத்தான் வருவார். சரி, வா, உந்தக் கத்தியை எடு."

யாரும் வராத வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் கத்தரிக்காய் வெட்டினோம். அம்மா தன் பாட்டில் சிரித்தா.

"உங்கள் ரெண்டு பேற்றை நேரக் கணக்கு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? அவள் என்னட்டையும் சொல்லுவாள். அண்டைக்கும் சொன்னவள்தானே."

என் கை நின்றது. "எண்டைக்கு அன்ரி?"

"அந்த வெள்ளிக்கிழமைதான். ரெண்டு மணிக்கு மருந்தைக் குடுத்தனான். குடிச்சிட்டு என்ன சொன்னவள் தெரியுமே? 'அம்மா, அவளுக்கு நாலு எண்டு சொல்லியிருக்கிறன். அவள் ஐஞ்சரைக்குத்தான் வருவாள். அதுமட்டும் நான் ஒரு நித்திரை அடிக்கப் போறன். வந்தால் எழுப்புங்கோ. அவளுக்குத் தேத்தண்ணி போடேக்கை நல்லாச் சீனி போட்டுக் குடுங்கோ, வேண்டாமெண்டு நடிப்பாள்' எண்டு. சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவள். அந்த நித்திரையிலைதான் போனவள், பிள்ளை. ஒரு சத்தமில்லை."

நான் கத்தியை வைத்தேன்.

"நான் பிந்தி வந்திட்டன் எண்டு..." என்று தொடங்கினேன். 

அம்மா என்னைப் பார்த்தா. விளங்கிக்கொண்டா என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவவுக்குக் கோபம் வந்தது. "இதுக்கோ ஒரு வருசம் இந்தப் பக்கம் வராமல் கிடந்தனி? உனக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்! நீ எங்க பிந்தினனி? அவள் சொன்ன ஐஞ்சரைக்கு நீ வந்தனி. அண்டைக்கு இந்த வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே ஆள் நீதான். மருத்துவத் தாதிகூட லேற்."

பிறகு நாங்கள் அழுதோம். பிறகு எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அம்மா ஓடினா.

பன்னிரண்டுக்கு எல்லோரும் வந்தார்கள். ஐயர் மிசிசாகாவிலிருந்து வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். படையல், சாப்பாடு, கதை. சாப்பிட்ட பிறகு எனக்குக் கண்ணைச் சுழற்றியது. வெறும் நித்திரை, ஒரு வருடத்து நித்திரை. உன் அறைக்குப் போய் உன் கட்டிலில் படுத்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அம்மா தோளைத் தட்டினா. "எழும்பு பிள்ளை, எல்லாரும் போயிட்டினம். ஐஞ்சரையாச்சு." கையில் தேத்தண்ணி. கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த இந்தப் பையைக் காட்டி, "உதையும் கொண்டுபோ, எனக்கு உதாலை ஆரை அடிக்கிறது?" என்றா.

பதறி எழும்பி ஃபோனைப் பார்த்தேன். நாலு மணி. நாலு தாண்டி இரண்டு நிமிடம். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றா. இந்தப் பகிடி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு நான் உன் அறையில் இருந்தேன். தேத்தண்ணியில் மலையளவு சீனி. வேண்டாம் என்று நடிக்கவில்லை. அடிவரைக்கும் குடித்தேன்.